ஒருவரும் சாகவில்லை என்றால் குற்றமும் இல்லையா?

2023 நவம்பர் 28ஆம் தேதி இரவு எட்டு மணிவாக்கில் நம்மில் பலர் ஏதாவது ஒரு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உத்தரகாண்டின் உத்தரகாசி மாவட்டத்தில் இருக்கும் சில்க்யாரா சுரங்கத்திலிருந்து ஒவ்வொரு தொழிலாளியாக வெளியே வந்தார்கள். கழுத்தில் மாலை. வாசலில் முதலமைச்சர். தீபாவளி நாள் விடியற்காலையில் மண் சரிந்து உள்ளே மாட்டிக்கொண்ட 41 பேரும் 17 நாட்கள் கழித்து உயிரோடு திரும்பினார்கள். நானும் கண் கலங்கித்தான் பார்த்தேன். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஆனால் அந்தக் கைதட்டலோடு வழக்கும் முடிந்துவிட்டது. இன்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். மீட்புக்கு வந்த ஆஸ்திரேலிய நிபுணரை நினைவிருக்கும். பாதி வழியில் உடைந்துபோன அமெரிக்க ஆகர் இயந்திரத்தை நினைவிருக்கும். அந்தச் சுரங்கம் ஏன் இடிந்தது, யார் அதற்குப் பதில் சொன்னார்கள் என்று கேட்டால் மௌனம்தான். மீட்பு வெற்றி பெற்றதே குற்றத்துக்கு விடுதலைத் தீர்ப்பாகிவிட்டது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அதைப் பற்றித்தான்.

முதலில் அந்தச் சுரங்கத்தின் கதை. யமுனோத்ரி, கங்கோத்ரி, கேதார்நாத், பத்ரிநாத் ஆகிய நான்கு தலங்களையும் இணைக்கும் சார்தாம் நெடுஞ்சாலைத் திட்டம் ஏறக்குறைய 889 கிலோமீட்டர் நீளம் கொண்டது. நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு வேண்டும். திட்டத்தை 53 துண்டுகளாக வெட்டினார்கள். ஒவ்வொரு துண்டும் நூறு கிலோமீட்டருக்குக் கீழே வந்தது. மதிப்பீடு தேவையில்லாமல் போனது. இதைக் கண்டுபிடிக்க யாரும் துப்பறிய வேண்டியதில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019இல் ரவி சோப்ரா தலைமையில் உயர்மட்டக் குழு அமைக்கப்பட்டது. அவர் இந்தத் துண்டாடலையும் சாலையின் அகலத்தையும் கேள்வி கேட்டார். 2021 டிசம்பரில் பாதுகாப்புத் துறையின் தேவையைக் காரணம் காட்டி அகலமான சாலைக்கு நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. 2022 தொடக்கத்தில் அவர் குழுத் தலைமையிலிருந்து விலகினார்.

சில்க்யாரா – பார்கோட் சுரங்கம் இந்தத் திட்டத்தின் ஒரு பகுதி. நீளம் சுமார் நாலரை கிலோமீட்டர். 2018 பிப்ரவரியில் ஒன்றிய அமைச்சரவைக் குழு இதற்கு ஒப்புதல் அளித்தபோது சொன்ன பயன்: தூரம் 20 கிலோமீட்டர் குறையும், பயணம் ஒரு மணி நேரம் மிச்சமாகும். அதே ஒப்புதலில் தப்பிக்கும் வழியும் சேர்ந்தே இருந்தது. ஐந்தரை ஆண்டுகள் கழித்து மண் சரிந்த அன்று, 41 பேருக்கும் அப்படி ஒரு வழி கிடையாது. பலவீனமான இடங்களில், இடிந்தால் ஊர்ந்து வெளியே வருவதற்குப் பெரிய ஹியூம் பைப்பைப் போட்டு வைப்பதுண்டு. அதுவும் அந்த இடத்தில் இல்லை. சுமார் 60 மீட்டர் தடிமனுக்கு இடிபாடு. அதைத் தாண்டி முதல் சில நாட்கள் உள்ளே போனது நான்கு அங்குலக் குழாய் ஒன்றுதான். அதன் வழியாகத்தான் காற்றும் பொரியும் கடலையும் போயின.

இடிந்த இடத்தைக் கவனியுங்கள். மலையின் ஆழத்தில் புதிதாக வெட்டிக்கொண்டிருந்த முகப்பில் இது நடக்கவில்லை. வாசலிலிருந்து சில நூறு மீட்டருக்குள், ஏற்கெனவே தோண்டி முடித்த, வலுவில்லாதது என்று தெரிந்து மறுசீரமைப்பு வேலை நடந்துகொண்டிருந்த பகுதியில்தான் நடந்தது. அதற்கு முன்பும் அந்தச் சுரங்கத்தில் சின்னச் சின்னச் சரிவுகள் பலமுறை நடந்திருந்தன. யாரும் சாகாததால் அவை செய்தியாகவில்லை. நவம்பர் 12ஆம் தேதி அந்த மலை முதன்முறையாகப் பேசவில்லை. நாம்தான் அன்றைக்கு முதன்முறையாகக் கேட்டோம்.

மலை எப்படிப் பேசும் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். இமயமலையில் வெடி வைத்துச் சுரங்கம் தோண்டும் முறையின் சாரம் இதுதான்: கொஞ்சம் வெட்டு, உடனே சிமெண்ட் கலவையைத் தெளி, இரும்பு வளைவை நிறுத்து, பாறைக்குள் ஆணி இறக்கு, பிறகு சுவர் எத்தனை மில்லிமீட்டர் உள்ளே நகர்கிறது என்று அள. அளந்ததைப் பார்த்துத்தான் அடுத்த அடியை வைக்க வேண்டும். பெரும்பாலும் பாறை சொல்லாமல் விழுவதில்லை. விரிசல் விடும், நீர் கசியும், அளவு தினமும் கூடும். ஆகவே தொழில்நுட்பக் கேள்வியைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு அந்த அளவு கூடினால் வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு?

ஒப்பந்ததாரர் மொத்தத் தொகைக்கு வேலையை எடுத்திருக்கிறார். ஒரு நாள் நின்றால் அவருக்கு நட்டம். முன்கூட்டியே துளையிட்டுப் பாறையைச் சோதிப்பது அவருக்குச் செலவு. மேற்பார்வைப் பொறியாளருக்குச் சம்பளம் வருவதும் அதே திட்டப் பணத்திலிருந்துதான். திட்டத்தின் உரிமையாளரான அரசு நிறுவனத்துக்கோ தில்லியிலிருந்து ஒரு தேதி கொடுக்கப்பட்டிருக்கிறது. தலைக்கு மேல் சிமெண்ட் பூச்சு உரிந்து விழுவதை முதலில் பார்ப்பவர் ஜார்க்கண்டிலிருந்து துணை ஒப்பந்ததாரர் மூலமாக வந்த தொழிலாளி. நிறுத்து என்று சொல்ல முடியாத ஒரே ஆளும் அவர்தான். சொன்னால் நாளை வேறொருவர் வருவார்.

இந்த இடத்தில் வந்து நிற்க வேண்டியவர் வெளியாள் ஒருவர். திட்டத்திலிருந்து பணம் வாங்காத, வேலையை நிறுத்தும் அதிகாரம் உள்ள ஆய்வாளர். அவர் எங்கே?

தமிழில் நமக்கு ஒரே சொல்தான். நிலக்கரி வெட்டினாலும் சுரங்கம், ரயில் போக வெட்டினாலும் சுரங்கம். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. 2025 நவம்பர் வரை, கனிமம் எடுக்கத் தோண்டினால் 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் பாய்ந்தது. தன்பாத்தில் தலைமையகம் கொண்ட சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் கண்காணிக்கும். தகுதிச் சான்றிதழ் பெற்ற மேலாளர் இல்லாமல் வேலை நடக்கக் கூடாது. அதே ஆழத்தில், அதே பாறையில், அதே வெடிமருந்தை வைத்துச் சாலைக்காகத் தோண்டினால் அது வெறும் 'கட்டுமானம்'. அதுவரை நடைமுறையில் இருந்த 1996ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தின் விதிகளில் சுரங்கப் பணிக்கென்று ஓர் அத்தியாயம் இருந்தது உண்மைதான். ஆனால் அதை நடைமுறைப்படுத்த வேண்டியவர் அடுக்குமாடி வீட்டின் சாரத்தையும் பார்க்கிற, எல்லா வேலைகளையும் பார்க்கிற அதே தொழிலாளர் துறை ஆய்வாளர். பாறையின் அளவீட்டைப் படிக்க அவருக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அவற்றில் ஆய்வாளரின் பதவிப் பெயரே மாறிவிட்டது. இனி அவர் முதலாளிக்கு 'உதவி செய்பவரும்' ஆவார்.

சுரங்க இயக்குநரகம் ஒன்றும் புனிதமானதல்ல. அதன் கண்காணிப்பில்தான் 1975இல் சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்தில் 370க்கும் மேற்பட்டோர் வெள்ளத்தில் மூழ்கி இறந்தார்கள். ஆனாலும் பதில் சொல்ல வேண்டிய ஒரு கதவு அங்கே இருக்கிறது, தட்டலாம். அந்தக் கதவு கருணையால் திறக்கவில்லை. பாபாசாகேப் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1943 டிசம்பரில் தன்பாத் பகுதி நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய், தரைக்கடியில் இறங்கி, தொழிலாளர்கள் எப்படி வெட்டுகிறார்கள், எங்கே குடியிருக்கிறார்கள் என்று பார்த்தார். அடுத்த ஆண்டே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதிக்கான அவசரச் சட்டம் வந்தது. நெடுஞ்சாலைச் சுரங்கத்துக்குள் அமைச்சர்களும் போகிறார்கள். பெரும்பாலும் மறுமுனை திறக்கும் நாளில், கேமராவோடு.

பொதுவான ஒரு கண் இல்லாததால் என்ன ஆகிறது? நெடுஞ்சாலைச் சுரங்கம் ஒரு துறை, ரயில் இன்னொன்று, நீர்மின் நிலையம் வேறொன்று, பாசனம் மாநில அரசு. ஒருவர் கற்ற பாடம் அடுத்தவருக்குப் போவதில்லை. சில்க்யாராவுக்கு ஒன்றரை ஆண்டுக்கு முன், 2022 மே மாதம், ஜம்மு – ஸ்ரீநகர் நெடுஞ்சாலையில் ராம்பன் அருகே சுரங்கப் பணியிடத்தில் பாறை சரிந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். உங்களுக்கு நினைவிருக்கிறதா? எனக்கு நினைவில்லை. இந்தக் கட்டுரைக்காகப் பழைய செய்திகளைத் தேடும்போதுதான் கண்ணில் பட்டது. எல்லாரும் உடனே இறந்துவிட்டதால் 17 நாள் நேரலைக்கு வாய்ப்பில்லை.

இப்போது லண்டனுக்குப் போவோம். 1994 அக்டோபரில் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அடியில் ரயில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தபோது அது இடிந்து, மேலே இருந்த கட்டடங்களும் உள்வாங்கின. தொழிலாளர்கள் சரியான நேரத்தில் வெளியேறிவிட்டார்கள். ஒருவரும் சாகவில்லை. ஆனாலும் அந்நாட்டின் பணியிடப் பாதுகாப்பு நிர்வாகம் வழக்குத் தொடுத்தது. 1999இல் ஒப்பந்த நிறுவனத்துக்கு 12 லட்சம் பவுண்டும், ஆலோசனை நிறுவனத்துக்கு 5 லட்சம் பவுண்டும் அபராதம் விதிக்கப்பட்டது. குற்றம் இதுதான்: தொழிலாளர்களையும் பொதுமக்களையும் ஆபத்துக்கு உள்ளாக்கினார்கள். பிணம் தேவைப்படவில்லை. விசாரணை அறிக்கை அச்சாகி உலகெங்கும் உள்ள பொறியாளர்கள் கையில் போனது.

பிரிட்டனை மெச்சுவதற்காக இதைச் சொல்லவில்லை. அங்கே அடுத்த மாற்றத்தைக் கொண்டுவந்தது காப்பீட்டு நிறுவனங்கள். சுரங்க விபத்துகளில் கோடிக்கணக்கில் பணம் போனதும், ஆபத்தைக் கணக்கிட்டுக் காட்டாத திட்டத்துக்குக் காப்பீடு கிடையாது என்று 2003இல் ஒரு நடத்தை விதியை உருவாக்கினார்கள். பணம் போனால் முதலாளித்துவம் வேகமாகக் கற்றுக்கொள்கிறது. அப்படியென்றால் ஒரு தொழிலாளியின் உயிர் போனால் யாருக்குப் பணம் போகிறது? அந்த உயிரின் விலை எவ்வளவு என்று யார் தீர்மானிக்கிறார்கள்? இங்கேதான் சாதி உள்ளே வருகிறது.

சில்க்யாராவில் சிக்கிய 41 பேரின் பட்டியலில் மாநிலம் இருந்தது: ஜார்க்கண்ட் 15, உத்தரப் பிரதேசம் 8, ஒடிசா 5, பீகார் 5, மேற்கு வங்கம் 3, உத்தரகாண்ட் 2, அசாம் 2, இமாச்சலம் 1. சாதி இல்லை. யூகிக்க வேண்டாம். மண் விழுந்தால் பொறியாளரும் சாவார், அதையும் பின்னால் பார்ப்போம். ஆனால் அவர்களை மீட்டவர்களைப் பாருங்கள். பன்னாட்டு நிபுணர்கள், ராணுவம், விமானத்தில் வந்த இயந்திரம் எல்லாம் கடைசிப் பத்துப் பன்னிரண்டு மீட்டரில் கையை விரித்தபோது அழைக்கப்பட்டவர்கள் 'எலி வளை' தொழிலாளர்கள் 12 பேர். அவர்களில் பலர் முஸ்லிம்கள், தலித்துகள். 800 மில்லிமீட்டர் குழாய், அதாவது இரண்டரை அடிக்குக் கொஞ்சம் அதிகம். அதற்குள் படுத்தபடி ஊர்ந்து போய், கையால் மண்ணை வெட்டி, தள்ளுவண்டியில் நிரப்பிக் கயிற்றால் வெளியே இழுத்தார்கள். ஏறக்குறைய ஒரு நாளில் வழி திறந்தது.

இந்தத் திறமை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? தில்லியில் சாக்கடைக் குழாயும் குடிநீர்க் குழாயும் பதிக்கும் வேலையிலிருந்து. சாலையைத் தோண்டாமல் குழாயைத் தள்ள வேண்டும், உள்ளே ஓர் ஆள் ஊர்ந்து போய் மண்ணை எடுக்க வேண்டும். இறங்கியவர் திரும்பாமல் போன சாக்கடைக் குழிகளின் அரசுக் கணக்கில் முன்வரிசையில் இருக்கும் தமிழ்நாட்டுக்காரர்களான நமக்கு இந்தக் காட்சி புதிதல்ல. உடம்பு நுழையக் கூடாத இடத்துக்குள் சில உடம்புகளை மட்டும் அனுப்பலாம் என்பது நூற்றாண்டுகளாக இந்தச் சமூகத்துக்குத் தெரிந்த 'தொழில்நுட்பம்'. மற்ற எல்லாத் தொழில்நுட்பமும் தோற்ற இடத்தில் அது வென்றது. உடனே நாடு அதை 'நம் மண்ணின் அறிவு' என்று கொண்டாடியது. மேகாலயாவில் அதே எலி வளை முறையில் நிலக்கரி எடுப்பதை 2014இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை செய்திருக்கிறது. 2018 டிசம்பரில் அங்கே அப்படியொரு சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து குறைந்தது 15 பேர் சிக்கியபோது ஒருவரும் உயிரோடு வரவில்லை.

அந்த 12 பேருக்கு மாநில அரசு ஆளுக்கு 50,000 ரூபாய் அறிவித்தது. மூன்று மாதம் கழித்து, 2024 பிப்ரவரி 28ஆம் தேதி, அவர்களில் ஒருவரின் வீட்டை ஆக்கிரமிப்பு என்று சொல்லி தில்லி வளர்ச்சி ஆணையம் இடித்துத் தள்ளியது. 41 பேரை இடிபாட்டிலிருந்து எடுத்தவர் தன் வீட்டு இடிபாட்டுக்கு முன்னால் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்த படம் வந்தது. அதற்கு எத்தனை நாள் நேரலை ஓடியது?

இது இந்தியாவின் தனிநோய் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 1930, 31ஆம் ஆண்டுகளில் ஹாக்ஸ் நெஸ்ட் என்ற நீர்மின் சுரங்கம் தோண்டப்பட்டது. உள்ளே வேலை செய்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பிழைப்பு தேடி வந்த கறுப்பினத்தவர்கள். பாறை முழுக்க சிலிக்கா. துளையிடும்போது தண்ணீர் விட்டால் தூசி அடங்கும், ஆனால் வேலை மெதுவாகும். தூசி நுரையீரலில் படிந்து கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். நிறுவனம் ஒப்புக்கொண்ட எண்ணிக்கை 109. நாடாளுமன்ற விசாரணையில் வந்த எண்ணிக்கை 476. அரை நூற்றாண்டு கழித்து ஒரு மருத்துவர் ஆராய்ந்து மதிப்பிட்டது 764. எண்ணுவதற்கே தகுதி இல்லாதவர்களாகக் கருதப்பட்டவர்களின் சாவு எண்ணிக்கை இப்படித்தான் இருக்கும். அந்தத் திட்டத்தின் உரிமையாளர் யூனியன் கார்பைடு. ஆம், 1984இல் போபாலில் நாம் பார்த்த அதே நிறுவனம்.

அடுத்து நாம், அதாவது பொதுமக்கள். சுரங்கப் பாதுகாப்பில் நமக்கும் பங்கு உண்டு, இரண்டு பக்கமும். ஒரு மணி நேரம் மிச்சம் என்று சொன்னால் வாக்களிப்பதும் நாம்தான். சில்க்யாராவில் இன்னொன்றும் நடந்தது. பௌக்நாக் என்ற உள்ளூர்த் தெய்வத்தின் சிறுகோயிலை அகற்றியதால்தான் மலை கோபித்துக்கொண்டது என்று பேச்சு கிளம்பியது. சுரங்க வாசலில் அவசரமாக ஒரு கோயில் முளைத்தது. அந்த மலைமக்களின் வழிபாட்டை நான் கேலி செய்யவில்லை. தங்களைக் கேட்காமல் மலையைக் குடைந்தார்கள் என்ற கோபத்தை அவர்கள் அந்த மொழியில் சொல்லியிருக்கலாம். ஆனால் அரசுக்கு அது எவ்வளவு வசதியாகிவிட்டது பாருங்கள். 2025 ஏப்ரல் 16ஆம் தேதி சுரங்கத்தின் மறுமுனை திறந்தது. அதே நாளில் அங்கே கோயிலுக்கும் பிரதிஷ்டை, சுரங்கத்துக்கும் சாமியின் பெயர். தப்பிக்கும் வழி ஏன் இல்லை என்ற கேள்விக்குத் தீபாராதனை காட்டியாயிற்று.

நம் காலடியிலும் சுரங்கம் ஓடுகிறது. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் தோண்டும் இயந்திரங்களுக்கு நீலகிரி, ஃபிளமிங்கோ, மயில், கழுகு, பெலிகன் என்று அழகழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஓர் இயந்திரம் வெளியே வரும் நாளில் பெயரோடு செய்தி வருகிறது. அதை ஓட்டியவர்கள், அதன் பின்னால் நின்று சேறு அள்ளியவர்கள் பெயர் வருவதில்லை. நாம் கேட்க வேண்டியது பெரிய புரட்சிகரக் கோரிக்கைகூட இல்லை. எந்தச் சுரங்கத்தில் எந்தச் சரிவு நடந்தாலும், யாருக்கும் காயம் இல்லாவிட்டாலும், அதைச் சில நாட்களுக்குள் பொதுவில் வெளியிட வேண்டும். தினசரி அளவீட்டைத் திட்டத்திடம் சம்பளம் வாங்காத ஒருவர் பார்க்க வேண்டும். தலைக்கு மேல் விரிசலைப் பார்த்த தொழிலாளி வேலை இழக்காமல் வெளியே நடந்துவர முடிய வேண்டும். இந்த மூன்றாவது ஒன்று சங்கம் இல்லாமல் நடக்காது. இந்தி பேசும் வடமாநிலத் தொழிலாளியைப் பற்றி நம்மூரில் பரப்பப்படும் வெறுப்பு, அந்தச் சங்கத்தைத் தடுக்கும் ஒப்பந்ததாரருக்குத்தான் லாபம்.

சில்க்யாராவுக்குப் பிறகு தேசிய நெடுஞ்சாலை ஆணையம் கட்டுமானத்தில் இருந்த 29 சுரங்கங்களைத் தணிக்கை செய்ய உத்தரவிட்டது. நல்லது. ஆனால் பாசனச் சுரங்கம் அந்தக் கணக்கில் வராது. 2025 பிப்ரவரி 22ஆம் தேதி தெலங்கானாவின் நாகர்கர்னூல் மாவட்டத்தில் ஸ்ரீசைலம் இடதுகரைக் கால்வாய்ச் சுரங்கம் இடிந்தது. வாசலிலிருந்து ஏறக்குறைய 14 கிலோமீட்டர் உள்ளே, நீரும் சேறும் கொட்டின. மேலே புலிகள் காப்பகம் என்பதால் இடையில் வேறு வாசல் எதுவும் இல்லை. இரண்டு பொறியாளர்கள், இரண்டு இயந்திர இயக்குநர்கள், ஜார்க்கண்டைச் சேர்ந்த நான்கு கூலித் தொழிலாளர்கள் என எட்டுப் பேர் உள்ளே இருந்தார்கள். இங்கும் எலி வளைத் தொழிலாளர்களை வரவழைத்தார்கள். இந்த முறை அவர்களாலும் முடியவில்லை. மார்ச் மாதத்தில் இரண்டு உடல்கள் கிடைத்தன. கடைசிச் சில பத்து மீட்டர் ஆபத்தான பகுதி என்று அறிவிக்கப்பட்டு, ஏப்ரலில் தேடுதல் நிறுத்தப்பட்டது. மற்ற ஆறு பேர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள்.

அந்த ஆண்டு நவம்பரில் அந்த மலைக்கு மேலே ஹெலிகாப்டர் பறந்தது. கீழே பாறை எங்கே உடைந்திருக்கிறது, எங்கே நீர் தேங்கியிருக்கிறது என்று மின்காந்தக் கருவியால் கண்டறியும் ஆய்வு. முதலமைச்சர் நேரில் வந்து தொடங்கி வைத்தார். சுரங்க வேலை தொடங்கி அப்போது ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.